தேவையான அளவு உப்பு

மூலநிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் உயர்ந்த கொள்கையை முன்வைத்து ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்தார். இன்று நம் ஆய்வுக்கூடங்களில் ஓடும் நிரல்கள் பல அக்கொள்கையால் நமக்குக் கிடைத்தவை. நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். எனினும் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

மூலநிரலோடு வரும் நிறுவற் குறிப்பைப் பாருங்கள். ‘கான்ஃபிகர்’, ‘மேக்’, ‘மேக் இன்ஸ்டால்’ என்று மூன்றே கட்டளைகள்! படிக்க எளிது, செய்யப் புகுந்தால் அல்லவா தெரிகிறது!

சென்ற பருவத்தில் எனக்கு வேண்டியிருந்த ஒரு நிரலின் குறிப்பில், ‘எஃப்.எஃப்.டி.டபிள்யூ நூலகம் தேவை’ என்று மட்டும் இருந்தது. அந்நூலகத்தை அப்படியே தொகுத்தால் இரட்டைத் துல்லியப் பதிப்பே கிடைக்கும். ஒற்றைத் துல்லியம் வேண்டுமாயின் ‘எனேபிள் ஃப்ளோட்’ என்னும் குறியைச் சேர்க்க வேண்டும். நிரல் தேடியதோ ஒற்றைத் துல்லியத்தை. நூலகம் கண்ணெதிரே இருக்க, ‘இல்லை’ என்றே நிரல் சாதித்தது. அடுத்து, நிறுவும் இடம். வழக்கமான இடமாகிய ‘யு.எஸ்.ஆர். லோக்கல்’ அடைவில் எழுத, பொதுக் கணிப்பொறியில் மாணவர்க்கு உரிமை இல்லை. ‘ப்ரிஃபிக்ஸ்’ என்னும் குறியால் சொந்த அடைவிலேயே நிறுவலாம். அதையும் குறிப்பு சொல்லவில்லை. இரண்டு வரியில் அடங்கும் செய்திக்கு ஒன்பது நாட்கள் போயின.

இதனால் யாருக்கு இழப்பு? பக்கத்தில் விவரமறிந்த அண்ணனோ அக்காவோ இருப்பவர்க்கு இல்லை, அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். ஊர் விட்டு வந்து, இங்குள்ள மொழி வாயில் நுழையாமல், ஆய்வுக்கூடத்தில் கேட்கத் தயங்கி நிற்கும் முதலாண்டு மாணவருக்குத்தான் இழப்பு. குறை குறிப்பில் இருக்க, ‘நமக்கு இது வராது’ என்று அவர் தம்மையே நொந்துகொள்கிறார். எத்தனை பேர் இவ்வாறு ஒதுங்கினரோ!

‘ஊதியமின்றி உழைப்போரிடம் இவ்வளவு கேட்கலாமா? கணிப்பொறிகள் ஆயிரம் வகை ஆயிற்றே’ என்பர் சிலர். உண்மைதான். ஆயிரம் வகைக்கும் எழுதச் சொல்லவில்லை. ஒரே ஒரு வகைக்கு முழுமையாக எழுதட்டும்: எந்த இயங்குதளம், எந்தத் தொகுப்பி, எந்தெந்த நூலகம், ஒவ்வொன்றும் எந்தப் பதிப்பு என்று. பிறகு, எதுவும் நிறுவப்படாத ஒரு கணிப்பொறியில், புதியவர் ஒருவரைக்கொண்டு அதைச் செய்து பார்க்கட்டும். ஆயத்தப் பொதிகள் இருக்கின்றனவே என்றால், நிரலில் ஒரு வரியைத் திருத்த விரும்புபவர் மறுபடியும் தொகுத்துத்தானே ஆகவேண்டும்?

எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டார். ‘தேவையான அளவு’ என்று தப்பித்துக்கொள்ளாமல் அளவும் பக்குவமும் சொன்னதால்தான், தாய்வீட்டைப் பிரிந்து சென்ற பெண்கள் பலருக்கு அது துணையாயிற்று. அருகில் கேட்க ஆளில்லாதவருக்காக எழுதுவதே குறிப்பு.

நாமும் நிரல் எழுதுகிறோம், ஆய்வேட்டோடு இணைக்கிறோம். நமக்குப் பின் வருபவர் அதை ஓட்ட முடியாவிட்டால், நம் முடிவை அவர் எவ்வாறு சரிபார்ப்பார்? ஆகவே நண்பர்களே, ஒரு நிரலை நிறுவி முடித்ததும் ‘அப்பாடா’ என்று எழுந்துவிடாதீர்கள். விடுபட்டதை எழுதி, அதை ஆக்கியோருக்கு அனுப்புங்கள். ஒரு படியை நம் சங்கத்திற்கும், தமிழில், தாருங்கள். அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கைகளுக்கு அந்த ஒன்பது நாட்கள் மிஞ்சட்டும்.