பேட்மேனுக்கு உங்கள் 5 டாலர் தேவையில்லை!

அமெரிக்காவில் காமிக்ஸ் ரசிகர்களுக்குக் காலங்காலமாகப் புதன்கிழமைதான் திருநாள். அந்த வாரத்துப் புது இதழ்கள் அன்றுதான் கடை அடுக்கில் வந்து உட்காரும். பள்ளி விட்டு வரும் பையனும், வேலை முடிந்து வரும் அப்பாவும் ஒரே அடுக்கின் முன்னால் நின்று ஒரே கணக்கைத்தான் போடுவார்கள். எதை எடுப்பது, எதை விடுவது?

கணக்கு கொஞ்சம் கொடுமையானது. ஓர் இதழில் கதைக்கென்று இருப்பது சுமார் 20 பக்கங்கள். விலை பெரும்பாலும் 3.99 டாலர் அல்லது 4.99 டாலர். நம் ஊர் பணத்தில் 4.99 டாலர் என்பது 400 ரூபாயைத் தாண்டும். நிதானமாகப் படித்தாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு காலத்தில் நிலைமையே வேறு. 1938-ல் சூப்பர்மேன் அறிமுகமான ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 60 பக்கங்களுக்கு மேல் இருந்தது. விலை 10 சென்ட். 1962-ல் ஸ்பைடர்மேன் வந்தபோது 12 சென்ட். ஒரு குழந்தையின் சில்லறைக் காசில் அடங்கிய பொழுதுபோக்கு அது.

இன்றைக்கு மாதம் 25 டாலர் ஒதுக்க முடிகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். 4.99 டாலர் இதழ்கள் ஐந்து வாங்கினால் 24.95 டாலர். விற்பனை வரியைச் சேர்த்தால் பட்ஜெட் தாண்டிவிடும். மார்வெல், டிசி இரண்டு நிறுவனங்களும் மாதந்தோறும் டஜன் கணக்கில் இதழ்களை இறக்குகின்றன. அதில் ஐந்தே ஐந்து! அதனால்தான் இந்தத் தேர்வு ரசனை சம்பந்தப்பட்டதாக மட்டும் இல்லாமல், பர்ஸ் சம்பந்தப்பட்டதாகவும் ஆகிவிடுகிறது.

ஹீரோவைப் பார்த்து வாங்கினால்..?

பெரும்பாலானோர் செய்வது இதுதான். ‘ஸ்பைடர்மேன் பிடிக்கும், அதனால் ஸ்பைடர்மேன் சீரிஸ்.’ சினிமாவில் ஹீரோவுக்காக டிக்கெட் வாங்குவதைப் போலத்தான். ஆனால், காமிக்ஸில் ஹீரோ அதேதான் இருப்பார். எழுதுபவரும் வரைபவரும் மாறிக்கொண்டே இருப்பார்கள். பத்து வருடங்கள் வாங்கிய ஒருவர், உண்மையில் நான்கைந்து வெவ்வேறு கதாசிரியர்களின் வெவ்வேறு ஸ்பைடர்மேன்களைப் படித்திருப்பார். அதில் இரண்டு பிரமாதமாக இருந்திருக்கும். மற்றவற்றைப் பழக்க தோஷத்தில் வாங்கியிருப்பார்.

‘ஹாக்ஐ’ இதற்கு நேரெதிரான உதாரணம். அவெஞ்சர்ஸ் கூட்டத்தில் வில்லும் அம்புமாக ஓரத்தில் நிற்பவர். 2012-ல் மேட் ஃபிராக்‌ஷன் எழுத, பெரும்பாலும் டேவிட் ஆஜா வரைய, அவர் பெயரில் ஒரு சீரிஸ் தொடங்கியது. உலகத்தைக் காப்பாற்றும் நேரம் போக, வீட்டில் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கதை. 11-வது இதழ் முழுக்க அவருடைய நாயின் பார்வையில் நகரும்; மனிதர்கள் பேசுவதில் நாய்க்குப் புரிகிற சில சொற்கள் மட்டுமே வாசகருக்கும் கிடைக்கும். அந்த ஓர் இதழுக்கு ஈஸ்னர் விருது கிடைத்தது. மொத்தமே 22 இதழ்கள். தொடக்கம், முடிவு இரண்டும் உண்டு. ஹீரோவின் பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர் இதைத் தாண்டிப் போயிருப்பார்.

ஆக, அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைவிட, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்கள்தான் முக்கியம்.

சத்தமில்லாமல் பர்ஸைத் தொடும் வழிகள்

விலையை மட்டும் பார்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிப்பதில்லை. ஒரு சீரிஸ் மாதத்துக்கு எத்தனை முறை வருகிறது? 2008-ல் ‘அமேஸிங் ஸ்பைடர்மேன்’ மாதம் மூன்று முறை வரத் தொடங்கியது. 2016-ல் டிசி நிறுவனம் ‘பேட்மேன்’ இதழை 2.99 டாலர் என்று விலை குறைத்து, மாதம் இருமுறை வெளியிட்டது. 2.99 என்பதைப் பார்த்ததும் மலிவு என்றுதான் தோன்றும். மாதக் கடைசியில் கூட்டினால் 5.98.

அடுத்தது, ‘மெகா சம்பவம்’. எல்லா ஹீரோக்களும் ஒரே கதையில் மோதிக்கொள்ளும் வகை. 1984-ல் மார்வெலின் ‘சீக்ரெட் வார்ஸ்’ 12 இதழ்களாக வந்தது. மேட்டல் நிறுவனத்தின் பொம்மை விற்பனையையும் சேர்த்து யோசித்துப் போடப்பட்ட திட்டம் அது! குழந்தைகளுக்குப் பிடித்தது என்னவோ உண்மை. அதன் பிறகு இது வாடிக்கையானது. 2006-ல் வந்த ‘சிவில் வார்’ மையக்கதை வெறும் 7 இதழ்கள்தான். ஆனால், மற்ற சீரிஸ்களின் அட்டையிலும் அந்தப் பெயர் ஏறிக்கொண்டது. ‘இதைப் படிக்காவிட்டால் கதை புரியாதோ’ என்ற பயம்தான் அங்கே விற்பனைப் பொருள். உண்மையில் மையக்கதை மட்டும் படித்தாலே போதும். விட்டுப்போனதை அடுத்த மாதம் ஏதாவது ஒரு கதாபாத்திரம் இன்னொரு கதாபாத்திரத்துக்கு விளக்கிச் சொல்லிவிடும். சூப்பர் ஹீரோக்களுக்குச் சண்டைக்கு நடுவிலும் பேச நேரம் உண்டு.

பிறகு, ‘நம்பர் 1’ மோகம். முதல் இதழ் என்றால் விற்பனை எகிறும் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் சீரிஸையே நிறுத்தி மறுபடி 1-லிருந்து எண்ணத் தொடங்குவார்கள். ‘அமேஸிங் ஸ்பைடர்மேன்’ 2014, 2015, 2018, 2022, 2025 என ஐந்து முறை இப்படி முதல் இதழ் கண்டிருக்கிறது. புதிதாகப் படிக்க வருபவருக்கு இது ஒரு வசதி என்பதை மறுக்க முடியாது, நுழைவதற்கு ஒரு வாசல் கிடைக்கிறது. ஆனால், பழைய வாசகர் அதைப் பொக்கிஷம் என்று நினைத்து இரண்டாக வாங்க வேண்டியதில்லை.

கடைக்காரரின் நோட்டில் ஒரு பெயர்

இனிதான் விஷயமே இருக்கிறது.

அமெரிக்கக் காமிக்ஸ் கடைகள், 1970-களில் உருவான ஒரு முறையில் இயங்கி வந்தவை. கடைக்காரர் இதழ் வருவதற்கு வாரக்கணக்கில் முன்பே எத்தனை பிரதிகள் என்று ஆர்டர் கொடுக்க வேண்டும். விற்காமல் தங்கினால், பொதுவாகத் திருப்பி அனுப்ப முடியாது, நஷ்டம் அவருடையது. அதனால், எது நிச்சயம் விற்குமோ அதைத்தான் தைரியமாக வாங்கிப் போடுவார். பேட்மேன் விற்கும். ஸ்பைடர்மேன் விற்கும். பெயர் தெரியாத ஒரு ஹீரோயினின் நான்காவது இதழ்? இரண்டு பிரதிகள் வாங்குவார். சில நேரம் அதுவும் இல்லை.

இதற்காகத்தான் வாசகர்கள் கடையில் ஒரு பட்டியல் கொடுத்துவைக்கிறார்கள். ‘இந்த சீரிஸ் வந்தால் எனக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள்’ என்பதுதான் அது. அப்படி ஒரு பெயர் இருந்தால், கடைக்காரர் பயமில்லாமல் ஒரு பிரதி கூடுதலாக ஆர்டர் செய்வார். நாடு முழுக்க இப்படிச் சேரும் எண்ணிக்கையை வைத்துத்தான் ஒரு சீரிஸ் தொடருமா, மூடப்படுமா என்று நிறுவனம் கணக்குப் பார்க்கும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமில்லை. 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் சிவகாசியிலிருந்து தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984-ல் வந்த லயன் காமிக்ஸும் இன்று பெரிதும் நம்பியிருப்பது முன்கூட்டியே ஆண்டுச் சந்தா கட்டும் வாசகர்களைத்தான். வாசகர் முதலில் பணம் கட்டுகிறார். பிறகுதான் புத்தகம் அச்சாகிறது.

அமெரிக்காவில் இந்தப் பட்டியலின் பலம் எவ்வளவு என்பதற்கு ‘ஸ்பைடர் கேர்ள்’ ஒரு சாட்சி. பீட்டர் பார்க்கரின் மகள் மே பார்க்கர், அப்பாவின் வேலையைக் கையில் எடுக்கும் கதை. 1998-ல் தொடங்கியது. விற்பனை குறைவு என்று ஒருமுறையல்ல, பலமுறை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் வாசகர்கள் விடாமல் கேட்டுக் காப்பாற்றினார்கள். கடைசியில் 2006-ல் 100-வது இதழைத் தொட்டுவிட்டுத்தான் அந்த சீரிஸ் முடிந்தது.

டிசியின் ‘ஒமேகா மென்’ இன்னும் சுவாரஸ்யம். 2015-ல் டாம் கிங் எழுதியது. 12 இதழ்களுக்குத் திட்டமிட்ட கதையை 7-வது இதழோடு நிறுத்துவதாக டிசி அறிவித்தது. வாசகர்கள் கொந்தளிக்க, முடிவு மாற்றப்பட்டு 12 இதழ்களும் வந்தன. (வன்முறை அதிகம், பெரியவர்களுக்கான கதை.) 7-லேயே நின்றிருந்தால் அது பாதியில் கிழிந்த நாவல்தான்.

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 2016-ல் செல்சி கெய்ன் எழுதிய ‘மாக்கிங்பேர்ட்’ 8 இதழ்களோடு நின்றது. 2017-ல் வந்த ‘பிளாக் பேந்தர் அண்ட் தி க்ரூ’ 6 இதழ்களோடு முடிந்தது.

எனவே, 25 டாலரில் ஒவ்வொரு மாதமும் சுடச்சுட வாங்க வேண்டியது எது? யாரும் காப்பாற்றாவிட்டால் நின்றுபோகக்கூடிய, உங்களுக்கு நிஜமாகவே பிடித்த அந்தச் சின்ன சீரிஸைத்தான். பேட்மேன் 1939 முதல் இருக்கிறார். நீங்கள் இந்த மாதம் வாங்காவிட்டாலும் அடுத்த மாதமும் கோத்தம் நகரத்துக் கூரையில் நின்றுகொண்டிருப்பார்.

இதைத் தர்ம காரியமாக நினைத்துவிடவும் கூடாது. பிடிக்காத சீரிஸை ‘பாவம், நின்றுவிடுமே’ என்று வாங்குவதில் அர்த்தமில்லை. மூன்று இதழ்கள் படித்தும் நான்காவதைத் திறக்க ஆசை வரவில்லையென்றால், பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லிவிடலாம். ஆனால், சொல்ல வேண்டும். சொல்லாமல் கடைக்குப் போவதையே நிறுத்திக்கொண்டால், உங்கள் பெயரில் எடுத்துவைத்த பிரதிகள் அந்தக் கடைக்காரரின் தலையில்தான் விழும். ‘நடுவில் இரண்டு இதழ் விட்டுப்போனால் வரிசை கெட்டுவிடுமே’ என்று வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய பேர். அலமாரியில் வரிசை அழகாக இருக்கும். படித்திருக்க மாட்டார்கள்.

பெரியவர்கள் காத்திருக்கட்டும்

புகழ்பெற்ற ஹீரோக்களின் கதைகளுக்கு மலிவான வழிகள் ஏராளம். ஐந்தாறு இதழ்களைச் சேர்த்துப் புத்தகமாகப் போடுவது இன்று சகஜம். 2014-ல் ஜெர்சி சிட்டியின் பள்ளி மாணவி கமலா கான் ‘மிஸ் மார்வெல்’ ஆன கதையின் முதல் ஐந்து இதழ்கள் இப்படி ஒரே புத்தகமாகக் கிடைக்கின்றன. வீட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் இதிலிருந்து தொடங்கலாம். ‘அன்பீட்டபிள் ஸ்க்விரல் கேர்ள்’ சீரிஸும் அப்படியே. மாத இதழாகச் சுமாராகத்தான் போனது. புத்தக வடிவில் குழந்தைகள் தேடி வாங்கினார்கள். ஒரே வருடத்தில், 2015-ல், இரண்டு முறை ‘நம்பர் 1’ கண்ட சீரிஸ் அது. அதைத் தங்கள் அட்டையிலேயே கிண்டலும் செய்துகொண்டார்கள்.

2024-ல் டிசி கொண்டுவந்த ‘காம்பேக்ட் காமிக்ஸ்’ வரிசை பட்ஜெட் வாசகர்களுக்கு நிஜமான வரம். கையடக்க அளவு, விலை 9.99 டாலர். அதில் ‘வாட்ச்மென்’ முழுக்கதையும் உண்டு. 12 இதழ்கள்! இன்றைய மாத இதழ் விலையில் கணக்குப் போட்டால் 60 டாலரை நெருங்கும். (இதுவும் பெரியவர்களுக்கானதே. அட்டையைப் பார்த்துக் குழந்தைகளிடம் கொடுத்துவிட வேண்டாம்.) எழுத்து கொஞ்சம் பொடியாகத்தான் இருக்கும், கண்ணாடி போடுகிறவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

ஃபோனில் படிப்பவர்களுக்கு ‘மார்வெல் அன்லிமிடெட்’ இருக்கிறது. மாதம் சுமார் 10 டாலர் சந்தா. ஆயிரக்கணக்கான பழைய இதழ்கள் உள்ளே உண்டு. புது இதழ்கள் கடைக்கு வந்து சுமார் மூன்று மாதம் கழித்து இதில் சேரும். மூன்று மாதம் பொறுக்க முடிந்தவருக்கு இரண்டு இதழ் விலையில் ஒரு நூலகமே கிடைக்கிறது. டிசிக்கும் இதே போன்ற செயலி உண்டு. அமெரிக்காவில் நூலக அட்டை வைத்திருப்பவர்களுக்கோ இன்னும் யோகம். ‘ஹூப்லா’ போன்ற செயலிகளில், அவரவர் ஊர் நூலகம் இணைந்திருந்தால், ஒரு காசு இல்லாமல் இரவல் எடுக்கலாம்.

ஆக, அந்த 25 டாலரை இப்படிப் பிரிக்கலாம். உயிரோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் இரண்டு சின்ன சீரிஸ்களைக் கடையில் சொல்லி வைத்து மாதாமாதம் வாங்க 10 டாலர். ஸ்பைடர்மேன் வகையறாவுக்கு ஃபோன் சந்தா 10 டாலர். வீட்டில் அண்ணன், தங்கை இருவர் படிப்பவர்கள் என்றால், ஆளுக்கு ஒரு சின்ன சீரிஸ் என்று பங்கு போட்டுக்கொள்ளலாம். சண்டை வரும், பரவாயில்லை.

மிச்சம் 5 டாலர் இருக்கிறதே? அதற்குத்தான் பல கடைகளில் ஒரு மூலையில் மலிவுப் பெட்டி இருக்கிறது. இதழ் ஒரு டாலர் அளவில் விற்கும் பழைய இதழ்கள். 1991-ல் வந்த ‘எக்ஸ்-மென்’ முதல் இதழை அங்கே தேடிப் பாருங்கள். ஐந்து வெவ்வேறு அட்டைகளுடன் சுமார் 80 லட்சம் பிரதிகள் போய், கின்னஸ் சாதனை படைத்த இதழ் அது. பின்னாளில் விலை ஏறும் என்று நம்பி பலர் பிரிக்காமலே பத்திரப்படுத்தினார்கள். எல்லோருமே பத்திரப்படுத்தியதால் அரிதாகவில்லை, விலையும் ஏறவில்லை. கிறிஸ் கிளேர்மான்ட், ஜிம் லீ இருவரும் சேர்ந்து செய்த கதை. இன்றைக்கும் விறுவிறுப்பாக இருக்கும்.