நெடுஞ்சாலையில் வேகம் மட்டும் போதுமா?

திருவனந்தபுரம்: குடும்பத்துடன் காரில் நெடுந்தொலைவு செல்வோர் போடும் கணக்கை, எதிர்பாராத நிறுத்தங்கள் மாற்றிவிடுகின்றன. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்வோர், களியக்காவிளை எல்லையைக் கடந்து தக்கலையில் நின்றால், அருகிலேயே பத்மநாபபுரம் அரண்மனை. 1956 மாநில மறுசீரமைப்பில் ஊர் தமிழகத்துடன் இணைந்தது; அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே பராமரித்து வருகிறது.

ஆனால், வண்டியில் முதியவரோ, கர்ப்பிணியோ, குழந்தையோ இருந்தால் அவசரமாகத் தேவைப்படுவது அரண்மனை அல்ல, கழிப்பறை. அது கிடைக்காது என்ற அச்சத்தில், பயணம் முழுவதும் தண்ணீர் அருந்தாமலிருக்கும் பெண்கள் பலர்.

நடந்து சென்ற காலத்தில் வழிநெடுகச் சத்திரங்களும் சுமைதாங்கிக் கற்களும் இருந்தன. இன்றோ, சாலையின் தரம் வேகத்தால் மட்டுமே அளக்கப்படுகிறது. கேரள அரசின் 'டேக் எ பிரேக்' திட்டத்தில் சாலையோரக் கழிப்பறைகளும் ஓய்விடங்களும் கட்டப்பட்டிருப்பது நல்ல முன்மாதிரி. எனினும், திறப்பு விழாவுடன் பணி முடிந்துவிடாது. தண்ணீரும், துப்புரவும், இரவில் வெளிச்சமும் இருந்தால்தான் அவை பயன்படும்.

ஒரு மாநிலத்து மண்ணில் உள்ள அரண்மனையை மற்றொரு மாநிலம் பல்லாண்டுகளாகப் பேணி வருகிறது. அந்த அக்கறை, எல்லையின் இருபுறமும் உள்ள கழிப்பறைகளுக்கும் கிடைக்க வேண்டும்.