அரைப் புள்ளியும் செவிலியரும்

பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் ஆகியவற்றில் தலா 7 மதிப்பெண் வேண்டும், எழுத்தில் 6.5 போதும். 2018 வரை எழுத்திலும் 7 கேட்டார்கள். அந்தத் தளர்வு நியாயமானது என்றே கருதுகிறேன். கட்டுரையில் அரைப் புள்ளி குறைந்ததால் ஒருவர் நோயாளியைக் கவனிக்கத் தகுதியற்றவராகிவிட மாட்டார்.

தமிழகத்துப் பயிற்சி மையங்கள் பலவும் இந்தக் கட்டுரையைத்தான் உருப்போட வைக்கின்றன. 40 நிமிடங்களில் 250 சொற்கள் எழுத வேண்டும் என்பதால், எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற முன்னுரையை ஆயத்தமாகத் தந்துவிடுகிறார்கள். முதியோர் பராமரிப்புக்கும் போக்குவரத்து நெரிசலுக்கும் ஒரே முதல் வாக்கியம் தரும் கையேடுகளை நான் கண்டதுண்டு. மனப்பாடப் பகுதியை எளிதில் இனங்காணும் தேர்வாளர்கள் அதற்கு மதிப்பெண் தருவதில்லை. கட்டணமோ பெரிது, தனியார் மருத்துவமனை ஊதியத்தில் மறுதேர்வு என்பது கடன்தான்.

மருத்துவத் துறையினருக்கென்றே ஓஇடி என்றொரு தேர்வு இருக்கிறது. பிரிட்டன் அதை 2017 முதல் ஏற்கிறது. அதில் நோயாளியின் குறிப்புகளைக் கொண்டு கடிதம் எழுத வேண்டும். நோயாளியாக நடிப்பவரிடம் செவிலியராகவே பேச வேண்டும். இரவுப் பணி முடித்துப் படிக்க அமரும் பெண்ணுக்கு அன்றாடம் பழகிய வேலைதான் இது. நான்காண்டுச் செவிலியர் பட்டப் படிப்பிலேயே இப்பயிற்சியைச் சேர்ப்பதில் என்ன தடை? இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணும் பொதுவாக இரண்டே ஆண்டுகள் செல்லும். ஆகவே பயிற்சி முதலாமாண்டில் தொடங்கட்டும். தேர்வு, வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் தறுவாய்வரை காத்திருக்கட்டும்.