எல்லைக்கோட்டுக்கு வெளியே

ஆண்டின் முதல் தவணை பிறந்துவிட்டால் கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள பாடசாலை மைதானங்கள் களைகட்டிவிடுகின்றன. இல்லங்களுக்கு வர்ணக் கொடிகள் ஏறுகின்றன. சுண்ணாம்பினால் ஓடுபாதைகள் வரையப்படுகின்றன. குடையும் தண்ணீர்ப் போத்தலுமாகப் பெற்றோர் வந்து வரிசையாக நிற்கின்றனர். பெற்றோருக்கென்றும் ஓர் ஓட்டம் வைக்கப்படுவதுண்டு. அந்த ஒரு நிகழ்ச்சியைத் தவிர மற்றையவற்றில் நமக்குரிய இடம் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியேதான்.

உடல் வெளியே நிற்க, உள்ளம் பிள்ளையோடு உள்ளே ஓடுவது பெற்றோரின் இயல்பு. அதனைக் குறைகூறுவார் எவருமிலர். ஆனால் சிலருக்கு நாவும் கூடவே ஓடிவிடுகின்றது. தோற்று வரும் பிள்ளை கோட்டைக் கடப்பதற்கு முன்னரே வசைமொழி வந்து சேர்ந்துவிடுகின்றது. வேறு சிலரோ மைதானத்தின் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. பரிசு கிடைத்தால் படம் பிடிக்க மட்டும் வருகின்றனர். கல்லூரியில் ஆசிரியராகவும் வீட்டில் பெற்றோராகவும் இருக்கும் நாம் இவ்விரு சாராரையும் நெடுங்காலமாகக் கண்டுவருகின்றோம். பிள்ளையின் விளையாட்டையும் இசையையும் வளர்ச்சியையும் பெற்றோர் எவ்வளவு தூரம் பின்தொடரலாம் என்பதே இவ்வாரம் நாம் ஆராயப் புகும் பொருள்.

சங்ககாலப் பெண்பாற் புலவரான பொன்முடியார் இதனை என்றோ சிந்தித்திருக்கின்றார். புறநானூற்றில் அவர் பாடிய செய்யுளொன்று தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் தனித்தனியே கடமைகளை வகுக்கின்றது. களத்தில் இறங்கிச் செய்யவேண்டியதை இளைஞனிடமே விட்டுவிடுகின்றது. ஒருவர் கடமையை மற்றொருவர் பறித்துக்கொள்ளவில்லை என்பதே அப்பாட்டில் நாம் காணும் நயம். இன்று அந்தக் கொல்லனின் இடத்திலே பயிற்றுநர் நிற்கின்றார். சங்கீத ஆசிரியர் நிற்கின்றார். பெற்றோரோ பல வேளைகளில் எல்லா இடங்களிலும் தாமே நிற்க முயல்கின்றனர்.

நமது கண்டியிலேயே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. கிரிக்கெட் உலகம் அறிந்த முத்தையா முரளிதரன் 1972ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 17ஆம் திகதி இங்கே பிறந்தவர். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் உழைப்பதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். தந்தையார் சின்னசாமி முத்தையா பிஸ்கட் தொழில் நடத்தியவர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் தொழிற்சாலைக்குத் தீ வைக்கப்பட்டது. தந்தையாரும் வெட்டுக்காயம் அடைந்தார். முரளிதரனுக்கு அப்பொழுது வயது ஐந்து.

அத்தகைய துன்பத்தைக் கண்ட குடும்பம் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாலும் யாரும் வியந்திருக்கமாட்டார்கள். ஆனால் ஒன்பதாவது வயதில் அவர் கட்டுகஸ்தோட்டையிலுள்ள புனித அந்தோனியார் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். பல இனத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்து, ஒரே மைதானத்தில் விளையாடும் கல்லூரி அது. பெற்றோர் செய்த பெரிய காரியம் இதுவே என்று நாம் கருதுகின்றோம். பந்தைப் பிடிப்பது எவ்வாறு என்பதைக் கற்றுக்கொடுப்பவர் வேறொருவர். அஞ்சாமல் வாசற்கதவைத் திறந்துவிடுவது பெற்றோரால் மட்டுமே ஆகக்கூடியது.

முரளிதரன் தொடக்கத்தில் மிதவேகப் பந்துவீச்சாளராகவே இருந்தார் என்பதைப் பலர் அறியார். பதினான்காம் வயதில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் ஆலோசனையைக் கேட்டே அவர் சுழற்பந்துக்கு மாறினார். இந்த இடத்தில் ஒவ்வொரு பெற்றோரும் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பல ஆண்டுகள் பழகிய ஒன்றை விட்டுவிட்டுப் புதியதொன்றைத் தொடங்குமாறு ஆசிரியர் சொல்லும்போது, நம்மில் எத்தனை பேர் அதற்கு இணங்குவோம்? “இவ்வளவு பணம் செலவழித்தோமே, இவ்வளவு நாள் வீணாயிற்றே” என்று கணக்குப் பார்ப்பவர்களே மிகுதி. வயலினிலிருந்து மிருதங்கத்துக்கு மாற விரும்பும் பிள்ளையும் நீளம் பாய்தலை விட்டு நெடுந்தூர ஓட்டத்தை நாடும் பிள்ளையும் இந்தக் கணக்குப் புத்தகத்தின் முன்னே வாயடைத்து நிற்கின்றனர். அன்று அந்த மாற்றம் தடுக்கப்பட்டிருந்தால், உலகம் அறிந்த அந்தச் சுழற்பந்து பிறந்திராது.

பாடசாலையின் இறுதி இரு பருவங்களில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்து, 1990-91ஆம் ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரராகவும் முரளிதரன் தெரிவானார். அத்துடன் பாதை நேராகிவிட்டதா? இல்லை. 1991இல் இலங்கை ‘ஏ’ அணியுடன் இங்கிலாந்து சென்றபோது ஐந்து ஆட்டங்களில் ஆடியும் அவருக்கு ஒரு விக்கெட்டுத்தானும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார். 1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, மெல்பேர்ண் மைதானத்தில் பல்லாயிரவர் பார்த்திருக்க, நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களுக்குள் ஏழு தடவை அவருடைய பந்தை முறையற்றதென்று அறிவித்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்து மூன்று. பிறவியிலேயே அவரது முழங்கை முற்றாக நிமிராத அமைப்புடையது என்பதும், அவர் எறிவதுபோலத் தோன்றுவது கண்ணின் மயக்கம் என்பதும் 1996இல் நடந்த பரிசோதனைகளின் பின்னரே ஏற்கப்பட்டன.

பிறகு நடந்ததை உலகமே அறியும். 2007ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி, இங்கிலாந்து வீரர் போல் கொலிங்வூட்டை ஆட்டமிழக்கச் செய்து, 709ஆவது விக்கெட்டுடன் ஷேன் வோர்னின் சாதனையை முறியடித்தார். நடந்த இடம் கண்டி அஸ்கிரிய மைதானம். அது திரித்துவக் கல்லூரிக்கு உரியது. அந்தோனியார் கல்லூரியின் பழம்பெரும் போட்டிக் கல்லூரியின் மைதானத்திலேயே அந்தோனியார் மாணவர் உலக சாதனை நாட்டியதைக் கண்டி மக்கள் இரு கட்சியாக நின்று பாராமல் ஒன்றாக நின்று பாராட்டினர். 2010ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் திகதி காலியில் 800ஆவது விக்கெட்டுடன் அவர் டெஸ்ட் ஆட்டங்களினின்றும் விடைபெற்றார்.

இதனைப் படித்துவிட்டு, “என் மகனும் முரளிதரனாவான்” என்று எவரேனும் துடுப்பும் பந்தும் வாங்கப் புறப்பட்டால், நாம் சொல்லவந்தது சேரவில்லை என்றே பொருள். ஒரு நாட்டின் பாடசாலைகளிலெல்லாம் ஆடும் பிள்ளைகளுள் தேசிய அணிக்குச் செல்பவர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். எஞ்சிய அனைவரும் வைத்தியராகவும் வணிகராகவும் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் வாழ்பவர்களே. அவர்கள் மைதானத்தில் கழித்த மாலைப்பொழுதுகள் வீணாயினவா? தோல்விக்குப் பின் எதிரியின் கையைப் பற்றிக் குலுக்கக் கற்ற பிள்ளை, பிற்காலத்தில் அலுவலகத்திலும் அந்த நாகரிகத்தை மறவான். அதுவே போதிய பரிசு.

பின்தொடர்தல் என்பது எவ்வாறிருக்க வேண்டும் என்பதற்குச் சென்னையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைத் தரலாம். சதுரங்க மேதை விசுவநாதன் ஆனந்துக்கு ஆறாம் வயதில் அந்த ஆட்டத்தைக் கற்பித்தவர் தாயார் சுசீலா. குடும்பம் மணிலாவில் வாழ்ந்தபோது, அங்கே பகல் வேளையில் தொலைக்காட்சியில் சதுரங்க நிகழ்ச்சி நடைபெறும். மகன் பாடசாலையில் இருக்கும் அந்நேரத்தில் தாயார் ஆட்டங்களையும் புதிர்களையும் குறித்து வைப்பார். மாலையில் இருவருமாக விடை காண்பார்கள். புதிருக்கு விடை எழுதி மகன் பரிசு நூல்களை அள்ளிக்கொண்டே வந்தமையால், வேண்டிய நூல்களையெல்லாம் எடுத்துக்கொண்டு இனிமேல் விடை அனுப்பாதிருக்குமாறு நிகழ்ச்சியினர் கேட்டுக்கொண்டார்களாம்! ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டரானார். அத்தாயார் மகனுக்காக விளையாடவில்லை; மகன் இல்லாத வேளையில் அவன் விரும்பியதைக் காத்துவைத்தார்.

இனி இசைக்கு வருவோம். வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாக நடத்தும் தேர்வுகளுக்கு நம் பிள்ளைகள் பலர் தோற்றுகின்றனர். இத்தேர்வுகள் நல்லவை, ஒழுங்கான பாடத்திட்டத்தைத் தருகின்றன. ஆனால் சான்றிதழ் கைக்கு வந்ததும் வீணையை உறையிலிட்டு மூலையில் சாத்திவிடும் வீடுகளும் உள்ளன. அரங்கேற்றத்தின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. பிள்ளையின் பயிற்சி நிறைந்த நாள் எது என்று பாராமல், மண்டபம் கிடைக்கும் நாளையும் வெளிநாட்டு உறவினர் வரும் நாளையும் பார்த்தே திகதி குறிக்கப்படுகின்றது.

நமது அயலிலே வாழும் கண்டிய நடனக் கலைஞரின் மரபை நோக்குங்கள். வெஸ் என்னும் தலையணியை மாணவன் தான் விரும்பிய போது சூடிக்கொள்ள முடியாது. ஆண்டுக்கணக்கில் பயின்று, தகுதி பெற்றான் என்று குரு கண்டபின்னரே, நல்ல நேரம் பார்த்துச் சடங்கோடு அது தலையில் வைக்கப்படுகின்றது. பெற்றோர் அந்நாளில் கண்ணீர் மல்க நிற்கலாம். ஆனால் தகுதியை நிருணயிப்பவர் குருவே. நமது வீடுகளிலும் இந்த ஒழுங்கு திரும்புமாயின் அரங்கேற்றம் தொடக்கமாக அமையும். பலருக்கு இன்று அது முடிவாக அமைந்துவிடுகின்றது.

இறுதியாகப் பெண்மக்களைப் பற்றிச் சொல்லாது விடுதல் நியாயமன்று. பதினொரு வயதுவரை ஆண்பிள்ளைகளுக்கு ஈடாக ஓடிய சிறுமி, பூப்பெய்தி நீராட்டுவிழா நடந்த மறுமாதத்திலிருந்து மைதானத்தில் காணப்படாமற் போவதை நாம் அடிக்கடி காண்கின்றோம். “இனி என்ன ஓட்டம்?” என்று பாட்டி கேட்பார், “வெயிலில் கறுத்துப்போவாள்” என்று அத்தை சொல்வார். விழாவுக்கு ஊரெல்லாம் அழைப்பு அனுப்பியவர்கள், அந்தப் பெண்ணின் விருப்பத்தை மட்டும் கேட்க மறந்துவிடுகின்றனர். வளர்ந்தமைக்காகப் பிள்ளையைக் கொண்டாடிவிட்டு, வளர்ந்தமைக்காகவே அவளைத் தண்டிப்பது எவ்வகை நீதி?

பெண்ணுக்கு உயரம் மிகுந்தால் மாப்பிள்ளை கிடைக்காதே என்று ஏங்குவதும் நம் வழக்கம். யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் இரண்டு மீற்றருக்கும் மேற்பட்ட உயரமுடையவர். அந்த உயரமே வலைப்பந்தாட்டத்தில் இலங்கைக்கு வாய்த்த பெருஞ்செல்வமாயிற்று. 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் அவர் இருந்தார். வீட்டுச் சுவரில் கரிக்கோட்டினால் பெண்ணின் உயரத்தைக் குறிக்கும் தாய்மார், அடுத்த முறை அந்தக் கோடு ஏறும்போது பெருமூச்சு விடாதிருப்பார்களாக.

பரீட்சையை மறந்துவிடச் சொல்கின்றோமல்லோம். சாதாரண தரமும் உயர்தரமும் நம் பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் வாயில்கள். ஆசிரியராகிய நாமே அதனைக் குறைத்துப் பேசுவது தகாது. ஆயினும் பத்தாம் வகுப்புக்கு வந்தவுடன் விளையாட்டையும் சங்கீதத்தையும் ஒரே நாளில் அறுத்துவிடுவதில் நன்மை உண்டென்று நமது அனுபவம் சொல்லவில்லை. ஐந்து நாட் பயிற்சியை இரண்டு நாளாகக் குறைக்கலாம். எந்த நாட்கள் என்பதைப் பிள்ளையே தெரிந்தெடுக்கட்டும். தானே வகுத்த கட்டுப்பாட்டை மீறப் பிள்ளைகள் வெட்கப்படுவார்கள். பிறர் விதித்ததை மீறுவதிலோ அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு!

வீடு திரும்பும் பிள்ளையிடம் “வென்றாயா?” என்பதற்கு முன்னால் “சாப்பிட்டாயா?” என்று கேளுங்கள். தோற்ற நாளில் காரணம் கேட்பதை மறுநாளைக்கு ஒத்திவையுங்கள். பயிற்றுநர் முன்னிலையில் பிள்ளையையும், பிள்ளையின் முன்னிலையில் பயிற்றுநரையும் குறைகூறாதீர்கள். வீட்டில் ஒரு கொப்பி வைத்துத் திகதியிட்டு எழுதிவாருங்கள்: முதல் ஓட்டம், முதல் கீர்த்தனை, முதன்முதல் தனியே பஸ் ஏறிக் கண்டிக்குப் போய்வந்த நாள். பரிசு பெறாத நாட்களுக்கும் அதில் இடமிருக்கட்டும். பின்னாளில் அப்பக்கங்களையே பிள்ளைகள் விரும்பிப் படிப்பார்கள்.

இப்பகுதியைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல். கோட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கும் உங்கள் தாய் தந்தையரின் கூச்சல் சில வேளைகளில் உங்களை நாணச் செய்யலாம். அவர்களிற் பலருக்கு உங்கள் வயதிலே ஓடுவதற்கு ஒரு மைதானம் கிடைத்ததில்லை. ஓடி முடித்ததும் ஒருமுறை அவர்கள் பக்கம் திரும்பிக் கையசையுங்கள்.