கல்லில் எண் இருக்கிறது, பெயர் எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

நம் ஊர்ச் சாவடிச் சுவரில் பதித்திருக்கும் வெள்ளைப் பளிங்குக் கல்லை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே உட்கார்ந்து ஆடுபுலி ஆடியவர்களும் உங்களில் உண்டு. ஆங்கிலத்தில் சில வரிகள்தான். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். எண்ணிக்கை மட்டும் மாறி, இதே வாசகத்தோடு தமிழ்நாட்டிலும் வடக்கே பஞ்சாபிலும் எத்தனையோ ஊர்களில் கல் இருக்கிறது.

இப்போது சாவடியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். கல்லை என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லை உடையாமல் எடுத்துப் புதுக் கட்டடத்தில் வைக்க வேண்டும். பக்கத்திலேயே அந்த மனிதர்களின் பெயர்களைத் தமிழில் வெட்டி இன்னொரு கல் வைக்க வேண்டும். முதல் வேலையைப் பஞ்சாயத்து செய்யலாம். இரண்டாவது வேலைக்கு நீங்கள் வேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் நடுகல் பாடம் நடத்தியது நினைவிருக்கிறதா? தேனி மாவட்டம் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் புலிமான்கோம்பை என்ற ஊரில் 2006இல் நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். 2,000 ஆண்டுகளுக்கும் பழைய தமிழி எழுத்து. அதில் ஒரு கல், கூடலூரில் நடந்த ஆநிரைச் சண்டையில் இறந்துபோன அந்தவன் என்பவனுடையது. ஆள் யார், எந்த ஊர்ச் சண்டை, எதற்காகச் செத்தான், எல்லாம் அந்தச் சின்னக் கல்லில் இருக்கிறது. நம் செங்கம் பக்கத்து நடுகற்களிலும் அப்படித்தான், வீரனின் பெயர் இருக்கும். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குப் பெயர் எழுதிய மண்ணில், கடல் தாண்டிப் போய்ச் செத்தவர்களுக்கு வெறும் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். நூறு வருஷமாக நாமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். திரும்பி வராதவர்கள் சுமார் 74,000 பேர். நம் வேலூர்ப் பக்கத்துக்குப் பட்டாளம் புதிதல்ல. கம்மவான்பேட்டையை இன்றைக்கும் ராணுவப்பேட்டை என்றுதானே சொல்கிறோம். பிரான்ஸ், கிழக்கு ஆப்பிரிக்கா, மெசபடோமியா என்று அனுப்பினார்கள். மெசபடோமியா என்றால் இன்றைய ஈராக். அங்கே குண்டில் செத்தவர்கள் போக, வெயிலிலும் காலராவிலும் சீதபேதியிலும் செத்தவர்கள் ஏராளம்.

எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு. என் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு அண்ணன். "பஸ்ராவுக்குப் போனவர்" என்றுதான் வீட்டில் அவருக்குப் பெயர். பாட்டி சொல்வார்கள்: ஒரு நாள் ஆங்கிலத்தில் ஒரு கடிதாசி வந்ததாம். ஊரில் படித்தவர் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "பஸ்ராவில் காலமாகிவிட்டார்" என்று ஒரே வார்த்தையில் சொன்னாராம். அவர் மனைவி பூவையும் பொட்டையும் எடுக்க விடவில்லை. "செத்ததை யார் பார்த்தது?" என்று கேட்டாராம். கடைசி வரை அப்படியே இருந்து போய்ச் சேர்ந்தார். கடிதாசியைக் கரையான் தின்றுவிட்டது. இறந்த தேதி தெரியாததால் திதி என்று ஒன்று கொடுத்ததே இல்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசையில் பொதுவாக எள்ளும் தண்ணீரும் இறைப்பதோடு சரி.

பணி ஓய்வுக்குப் பிறகு, அவரை எங்கே புதைத்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். இரண்டு வருஷம் ஆயிற்று. எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்து இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு மாணவிதான் துணை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. 1917இல் தொடங்கியது. அவர்களுடைய இணையதளத்தில் யாரும் காசில்லாமல் தேடலாம். பெயரைப் போட்டுத் தேடினோம், கிடைக்கவில்லை. வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் அல்லவா? பிறகு ஊர்ப் பெயரை நான்கைந்து விதமாக எழுதி, பழைய வட ஆற்காடு மாவட்டத்தையும் சேர்த்துத் தேடினோம். வந்தது. இன்னாருடைய மகன், இன்ன ஊர், படைப்பிரிவு, சிப்பாய் எண், இறந்த நாள், மாதம், ஆண்டு.

கல்லறை மட்டும் இல்லை. அந்த இடத்தில் "பஸ்ரா நினைவுச் சின்னம்" என்று இருந்தது.

அந்தச் சின்னத்தைப் பற்றிப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1929இல் திறந்தது. கல்லறை தெரியாத 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கான நினைவிடம். வெள்ளைக்காரர் என்றால் சாதாரணச் சிப்பாய்க்கும் சுவரில் பெயர் உண்டு. இந்தியர் என்றால் அதிகாரிக்கு மட்டும் பெயர். நம் சிப்பாய்களுக்கு, படைப்பிரிவின் பெயரைப் போட்டுக் கீழே இத்தனை பேர் என்று ஓர் எண். பெயர்களை ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டு, கல்லில் எண்ணை வெட்டியிருக்கிறார்கள். பதவி, இனம், மதம் எதிலும் வேற்றுமை பார்ப்பதில்லை என்பதுதான் அந்த ஆணையத்தின் கொள்கை! 2021இல் அவர்களே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் எனக் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் சொல்லி நினைவுச் சின்னம் இல்லை, அல்லது எந்தச் சின்னமுமே இல்லாமல் இருக்கலாம் என்று அந்த அறிக்கை சொல்கிறது.

ஆக, எங்கள் தாத்தாவுக்கு ஈராக்கிலும் எண்தான், சொந்த ஊரிலும் எண்தான். ஈராக்கில் இருப்பதை நாம் மாற்ற முடியாது. நம் சாவடியில் இருப்பது நம் கையில் இருக்கிறது.

போன மாதம் இதைப் பற்றி இரண்டு வரி எழுதியபோது ஒரு மாணவர் கேட்டிருந்தார்: "டீச்சர், வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்களுக்கு நாம் ஏன் கல் வைக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. கேள்வி கேட்கத்தானே சொல்லிக் கொடுத்தேன். தம்பி, அந்தப் போரை நான் பெருமையாகப் பேசவில்லை. மழை பொய்த்து, கடன் ஏறி, சம்பளமும் சோறும் கிடைக்கும் என்று போன பிள்ளைகள்தான் அதிகம். இருபது வயதுக்காரன் யாருக்காகச் சண்டை போட்டான் என்பது சரித்திரம் பேச வேண்டிய விஷயம். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பது ஊர் பேச வேண்டிய விஷயம். வெள்ளைக்கார அரசு அவனை எண்ணாகப் பார்த்தது. நாமும் அப்படியே விட்டுவிட்டால் அவர்கள் எழுதிய கணக்கை நாம் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடாதா?

"நூறு வருஷம் கழித்து எதற்கு?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி. இங்கிலாந்தில் பிரைட்டன் ஊருக்கு வெளியே குன்றின்மேல் சத்ரி என்று ஒரு வெள்ளை மண்டபம் இருக்கிறது. அங்கே மருத்துவமனையில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரைத் தகனம் செய்த இடம். மண்டபத்தை 1921இல் திறந்தார்கள், அதில் பெயர்கள் இல்லை. 2010இல்தான் 53 பேரின் பெயர்களையும் கல்லில் வெட்டிப் பக்கத்தில் வைத்தார்கள். அந்நிய ஊரில் அத்தனை வருஷம் கழித்துச் செய்தது சொந்த ஊரில் முடியாதா?

இனி வீட்டுப்பாடம். ரிட்டயர் ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே.

1. வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். மெடல் கிடைத்தால் முகப்பைப் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். விளிம்பில் சிப்பாய் எண், பெயர், படைப்பிரிவு பொடி எழுத்தில் இருக்கும். உள்ளங்கையை விடப் பெரிதாக, ஒரு பெண் உருவமும் சிங்கமும் போட்ட வட்டமான வெண்கலத் தகடு கிடைத்தால், அது போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு அரசு கொடுத்தது. இறந்தவரின் பெயர் அதிலேயே வார்த்திருக்கும். தயவுசெய்து பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

2. எண்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். "பட்டாளத்தான் வீடு", "பஸ்ராக்காரர் கொல்லை" என்று ஏதாவது பெயர் ஊரில் வழங்குகிறதா என்று கேளுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

3. கல்லறை ஆணையத்தின் தளத்தில் நம் ஊர்ப் பெயரை வேறு வேறு ஆங்கில எழுத்துக்கூட்டலில் போட்டுத் தேடுங்கள். தாலுகா, மாவட்டப் பெயர்களை அந்தக் காலத்துப்படி போடுங்கள்.

4. வெளியூரில் இருப்பவர்கள், நீங்கள் இருக்கும் இடத்தில் தேடுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராஞ்சி போர்க் கல்லறைக்குப் போய் வாருங்கள். அது இரண்டாம் உலகப் போருக்கானது. அங்கே சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. நம் பக்கத்துப் பெயர்களைப் பார்த்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

கல்லில் இருக்கும் எண்ணிக்கையில் இதுவரை மூன்று பேரின் பெயர்கள்தான் கிடைத்திருக்கின்றன. அதில் ஒன்று எங்கள் தாத்தாவுடையது. அவர் இறந்த நாளுக்குப் பஞ்சாங்கம் பார்த்துத் திதி கண்டுபிடித்து, போன ஆவணியில் முதல்முறையாக அவர் பெயரைச் சொல்லி என் தம்பி தர்ப்பணம் செய்தான். சொந்தத்தில் பலர் வந்திருந்தீர்கள். மற்ற இரண்டு பெயர்களுக்கு உரிய வீடுகள் எவை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வருகிற அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர மனு எழுதி வைத்திருக்கிறேன். ஊரில் இருப்பவர்கள் அன்று நேரில் வந்து கை தூக்குங்கள். வெளியூரில் இருப்பவர்கள் அதற்கு முன்னால் ஒரு பெயராவது கண்டுபிடித்து அனுப்புங்கள். கல்வெட்டுச் செலவுக்கு யாரும் இப்போது பணம் அனுப்ப வேண்டாம். பெயர் வரட்டும், பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்