காதுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

மிக்ஸி வாங்கினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கிரைண்டர் வாங்கினால் அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, கல்லைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். "எனக்கு நல்லதா ஒரு ஹெட்போன் வாங்கோணும்" என்று நான் சொன்னதும் எங்கள் வீட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் "எதுக்கு?" என்றார்கள். மகன் 1,200 ரூபாய்க்கு வாங்கித் தந்தது இருக்கிறதே, அது பாடாமலா போய்விட்டது என்றார் என் வீட்டுக்காரர். நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு மாதமாக விடை தேடியதைத்தான், சகோதரிகளே, இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நாங்கள் இருப்பது சோமனூர்ப் பக்கம். சுவருக்கு அந்தப்புறம் தறிக் கொட்டகை. பழைய நாடாத் தறிகள். பகலும் ஓடும், ராத்திரியும் ஓடும். இந்தப் பக்கத்துச் சகோதரிகளுக்கு அந்தச் சத்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. கொட்டகைக்குள் 90 டெசிபலைத் தாண்டிவிடும். உள்ளே வேலை செய்கிறவர்கள் கையாலும் வாயசைப்பாலும்தான் பேசிக்கொள்வார்கள். எங்கப்பா முப்பது வருஷம் தறி ஓட்டினவர். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் பேத்தி பாடினால் கேட்காது, வாய் அசைவதைப் பார்த்துச் சிரிப்பார். காதுக்குள் மயிரிழை மாதிரி நுண்ணிய செல்கள் இருக்கின்றன. அதிகச் சத்தத்தில் அவை செத்துப் போனால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. அதனால் எனக்கு இது வெறும் பாட்டு விஷயமாகப் படவில்லை.

சரி, என் 1,200 ரூபாய் ஹெட்போனுக்கு என்ன குறை? பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் பஞ்சு காதின் மேல் உட்காருமே தவிர காதை மூடாது. ஒரு நாள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்றது. போனில் சார்ஜ் இருந்ததால் பாட்டு நிற்கவில்லை. காதில் அறைகிற மாதிரி இருந்தது! பார்த்தால், சத்தத்துக்கான பதினைந்து படியில் பதிமூன்றில் வைத்திருந்தேன். தறி நின்றதும் ஏழே போதுமாக இருந்தது. அதாவது மீதி ஆறு படியும் தறிச் சத்தத்தை அமுக்குவதற்கு நான் காதில் ஊற்றிக்கொண்டது.

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 ஆனால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். மூன்று டெசிபல் ஏறினால் சத்தத்தின் சக்தி இரட்டிப்பாகிறது, கேட்கலாம் என்கிற நேரம் பாதியாகிறது. குழந்தைகளுக்கு இன்னும் குறைவு, 75 டெசிபலில் 40 மணி. போனில் முழுச் சத்தத்தில் 60 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள் என்பதும் அவர்கள் சொல்வதுதான். நான் இருந்தது எண்பதைத் தாண்டி.

இதற்குப் பிறகுதான் நங்கையாள் மகனிடம் ஒரு ஹெட்போனைக் கடன் வாங்கினேன். காதை முழுசாக உள்ளே விட்டு மூடுகிற வகை, பின்பக்கமும் அடைத்திருக்கும். இரண்டு நாள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தேன். தறி நிற்கும்போது ஆறு படி, ஓடும்போது எட்டு. பழையதில் ஆறு படி வித்தியாசம், இதில் இரண்டே படி. ஒரு ஹெட்போனின் படியை இன்னொன்றின் படியோடு ஒப்பிடக் கூடாதுங்க, ஒவ்வொன்றின் திறன் வேறு. ஒரே ஹெட்போனைச் சத்தத்திலும் அமைதியிலும் வைத்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

இதிலே இரண்டு ஜாதி உண்டு. திறந்த வகையில் கிண்ணத்தின் பின்பக்கம் சல்லடை மாதிரி இருக்கும். பாட்டு கொஞ்சம் விலகி நின்று, கூடத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி வரும், காதும் வேர்க்காது. இசைப் பிரியர்கள் கொண்டாடுகிற சென்ஹைசர் எச்டி 600, 1997லிருந்து வருவது, அந்த ஜாதி. ஆனால் வெளிச் சத்தமெல்லாம் உள்ளே வரும், நம் பாட்டும் பக்கத்தில் தூங்குகிறவருக்குக் கேட்கும். அமைதியான தோட்டத்து வீட்டுக்குச் சரி, தறிக் கொட்டகைப் பக்கம் காசுக்குக் கேடு. மூடிய வகைதான் எனக்கு. பாட்டுப் பதிவு செய்கிற இடங்களில் 1991லிருந்து புழங்குகிற சோனி எம்டிஆர் 7506 இந்த ஜாதி.

மகன் வேறொன்று சொன்னான். இரைச்சலை அழிக்கும் ப்ளூடூத் ஹெட்போனாம். வெளிச் சத்தத்தை மைக்கில் கேட்டு, அதற்கு எதிரான அலையை உண்டாக்கி அமுக்கும். பஸ் இன்ஜின், ஏசி மாதிரி ஒரே சீராக உறுமுகிற சத்தத்துக்கு மிக நன்றாக வேலை செய்யும். தறியோ டக்கு டக்கென்று அடிப்பது. அந்த மாதிரி அடிச் சத்தத்தை அதனால் அவ்வளவாகப் பிடிக்க முடியாது. தவிர, அதன் பாட்டரி நாலைந்து வருஷத்தில் தளர்ந்துவிட்டால் மாற்றுவது சிரமம். ஒயர் வைத்ததற்கு அந்தக் கவலை இல்லை. புதுப் போன்களில் பலவற்றில் வட்ட ஓட்டை இல்லை, அதற்கு ஒரு சின்ன இணைப்புத் துண்டு வாங்கினால் போதும்.

ஓம் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். போனில் நேராகச் செருகிக் கேட்க 30லிருந்து 60, 70 வரை இருக்கலாம். நான் சொன்ன சென்ஹைசர் 300 ஓம். போன் அதைத் தள்ளத் திணறும், தனியாக ஆம்ப்ளிபையர் வேண்டியிருக்கும். ஒன்றுக்கு இரண்டு செலவு.

செலவு என்றதும் ஞாபகம் வருகிறது. நம்ம ஜி.டி. நாயுடு 1941லேயே ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று சொன்னவர். அப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, காதில் மாட்டுகிற ஒரு சாமானுக்கு ஆயிரக்கணக்கில் தர மனசு வருமா? ஆகவே காசில்லாத வழிகளை முதலில் செய்து பார்த்தேன். பாட்டு ஆப்பில் ஒலித் தரம் என்று ஒரு இடம் உண்டு. என் போனில் அது 'குறைவு' என்று இருந்தது. அதை மேலே ஏற்றினேன். ஈக்வலைசரில் யாரோ ஏற்றி வைத்திருந்த பாஸை எடுத்துவிட்டேன். இந்த இரண்டிலேயே 1,200 ரூபாய் ஹெட்போன் புதுசு மாதிரி ஆனது. தறி இல்லாத ஊரில் இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பேன். நீங்களும் இதைச் செய்து பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று, உங்கள் பாட்டு எந்தக் காலத்தது என்று பாருங்கள். நான் கேட்பதில் பாதி பழசு. 'மலைக்கள்ளன்' 1954ல் நம்ம கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோவில் எடுத்த படம். எம்.ஜி.ஆருக்கு டி.எம்.எஸ். முதன்முதலாகப் பாடியது அதில்தான். அந்தக் காலத்துப் பதிவெல்லாம் ஒற்றை வழி, மோனோ. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் குரலும் வாத்தியமும் நடு மண்டையில்தான் நிற்கும். வலது இடது என்று பிரிந்து கேட்பதெல்லாம் 1978ல் வந்த 'ப்ரியா' மாதிரி ஸ்டீரியோவில் பதிவானவற்றில்தான். விலை கூடின ஹெட்போன் பழைய பாட்டின் கரகரப்பையும் சேர்த்துத் துல்லியமாகக் காட்டும்! ஆனால் அடியிலே ஒளிந்திருந்த தபேலாவும் தெளிவாகக் கேட்கும், அதையும் சொல்ல வேண்டும்.

ஆண்கள் எழுதுகிற குறிப்புகளில் வராத சங்கதி ஒன்று: தோடு. கெட்டியாக அழுத்துகிற ஹெட்போன் போட்டால் அரைமணியில் திருகு காதின் பின்னால் குத்தும். கடையில் தோட்டோடும், மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடும், பத்து நிமிஷமாவது மாட்டிப் பாருங்கள். அடுத்தது தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய். அதுவும் வேர்வையும் பட்டால் செயற்கைத் தோல் பஞ்சு இரண்டு கோடையில் பொரிந்து உதிரும். பழைய பருத்தி வேட்டித் துணியில் இலாஸ்டிக் வைத்து உறை தைத்துப் போட்டால் துவைத்துக்கொள்ளலாம். மெல்லிய துணியாக ஒரே மடிப்பாக இருக்கட்டும், தடித்தால் சத்தம் ஒழுகும். பஞ்சு மட்டும் தனியாக வாங்கி மாற்றக்கூடிய மாடலா என்று கேட்டே வாங்குங்கள்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டில் தனியாக இருக்கும்போது இந்த மூடிய வகையை இரண்டு காதிலும் மாட்டாதீர்கள். குழந்தை அழுவதும் கேட்காது, குக்கர் விசிலும் கேட்காது. எங்கள் அத்தை படுக்கையோடு இருக்கிறவர். "அம்மிணி, அந்தப் பொட்டியக் காதுல மாட்டிக்கிட்டா நான் கூப்புடறது கேக்குமா?" என்றார். வீட்டில் கேட்ட மூன்று 'எதுக்கு'களில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது அவருடையதுதான். பகலில் அடுப்படி ரேடியோவே போதும் என்று வைத்துக்கொண்டேன். ஹெட்போன் ராத்திரி ஒன்பதரைக்கு மேல், வீட்டுக்காரர் வந்து அத்தை பக்கத்தில் கட்டில் போட்ட பிறகு, ஒரு மணி நேரம்.

சீட்டு எடுத்ததில் 7,000 ஒதுக்கினேன். அதற்கு மேல் போனால் விலை ஏறுகிற அளவுக்குப் பாட்டு ஏறுவதில்லை, என் காதுக்கு அவ்வளவுதான் தெரிகிறது. கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடையில் பெட்டியைப் பிரிக்கவே மாட்டோம் என்றார்கள். மாட்டிப் பார்க்காமல் செருப்புக்கூட வாங்க மாட்டேனுங்க என்று சொல்லி வந்துவிட்டேன். அடுத்த கடையில் ஒரு தம்பி பொறுமையாக மூன்றைக் கொண்டுவந்து வைத்தார். என் போனில், என் பாட்டில், என் தோட்டோடு கேட்டேன். இரண்டாவதை வாங்கினேன், 5,800 ஆயிற்று. மிச்சத்தில் இணைப்புத் துண்டும் ஒரு ஜோடி பஞ்சும் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன். மாடல் பழசானால் பஞ்சு கிடைப்பது கஷ்டம் என்று அந்தத் தம்பிதான் சொன்னார். பழைய ஹெட்போனை மகள் கேட்டாள். அவள் அறை தறிக்கு எதிர்ப்பக்கம், ஏழு படிக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன்.