பழத்தோல் கரைசல் கிருமிநாசினி ஆகாது

கொல்லிமலையின் சோளக்காடு சந்தையில் அன்னாசிக்குப் பஞ்சமில்லை. வீணாகும் அன்னாசித் தோலையும் எலுமிச்சைத் தோலையும் வெல்லத்தோடு ஊறவைத்தால் வீட்டுக்கு வேண்டிய கிருமிநாசினி கிடைத்துவிடும், கடைச் சரக்கு எதற்கு என்ற வாதம் பாதிதான் சரி.

வெல்லம் 1 பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு. அவ்வப்போது மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றி 3 மாதம் வைப்பது வழக்கமான முறை. கிடைப்பது புளித்த அமில நீர். உப்புக்கறையையும் லேசான பிசுக்கையும் ஓரளவு நீக்கும். அன்றாடம் தரை துடைக்க அது தாராளம். அங்கே கிருமியைக் கொல்லும் அவசியமே பெரும்பாலும் இல்லை. ஆனால் அமிலத்தின் வீரியம் ஜாடிக்கு ஜாடி மாறும். புளிக்கவைத்த நுண்ணுயிர்களே அதில் உயிரோடு இருக்கக்கூடும். வயிற்றுப்போக்கு கண்டவர் புழங்கிய கழிப்பறையை அதை நம்பி விடுவது விபரீதம். சாணக் கரைசல் இன்னும் மோசம்: டெட்டனஸ் கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம்.

இயற்கை வழி பேசுவோர் சுண்ணாம்பை ஏனோ மறந்துவிடுகிறார்கள். புதிதாக நீற்றிய சுண்ணாம்புக் கரைசலின் பிஎச் அளவு 12-ஐத் தாண்டும். பெரும்பாலான பாக்டீரியாக்கள் அதில் பிழைப்பதில்லை. காற்றுபட்டு நாளானால் வீரியம் போய்விடும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பாத்திரத்துக்கும் கைத்துணிக்கும் கொதிநீர் போதும்.

பழத்தோல் கரைசலைப் பிளீச்சிங் பவுடரோடு கலக்கவே கூடாது. அமிலம் பட்டதும் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ஒன்றால் துடைத்த இடத்தை நீரூற்றி நன்றாக அலசிய பிறகே மற்றதைப் பயன்படுத்த வேண்டும்.